மேல் கொக்கி

எங்கள் ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர்கள் சங்கம் ஆண்டு மலர் ஒன்று கொண்டுவருகிறது. பணிக்காலத்தில் பெருமைப்படும்படியான ஓர் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அடக்கத்தினால் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு கதவுதான் நினைவுக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலைக்காடு இருந்தது. மூன்று அண்ணன்மார்களுக்கே அது போதாது. அதனால் நான் விமானப்படையில் சேர்ந்தேன். விமானத்தின் உடல்பாகம், தகடு, கதவு, இறக்கை இவைதான் என் வேலை. ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பியபோது எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. இந்தத் தொழிலுக்கு நம்மூரில் என்ன வேலை இருக்கப்போகிறது, பஸ் கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம் என்று இருந்த சமயத்தில்தான் முதலாளி விமானம் வாங்கினார்.

முதலாளி எங்கள் பக்கத்து ஆள். லாரியில் தொடங்கி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் மேலே வந்தவர். அவருடைய வண்டிகள் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் நின்றுகொண்டிருந்தன. காரில் போய்ப் பார்த்துவர வாரக் கணக்கில் ஆகிறதென்று, வடக்கே ஒரு பயிற்சிக் கழகம் விற்ற பழைய விமானத்தை வாங்கினார். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே தன் நிலத்தில் செம்மண்ணை இறுக்கி ஓடுதளம் போட்டார். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே வேலைக்கு இருந்தது மூன்றே பேர். ஓட்டுவதற்கு கேப்டன் ஆரோக்கியராஜ். பழுதுபார்த்துக் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற பொறியாளர் சுந்தரம். அவருக்குக் கீழே நான்.

ஆரோக்கியராஜ் சேலம் டவுன்காரர். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவரும்போது ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்ப்பார். அந்த விமானத்துக்கு இருந்தது ஒரே கதவு. வலதுபுறம், இறக்கைக்கு மேலே. எல்லோரும் இறக்கையில் ஏறி அது வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கதவுக்கு இரண்டு பூட்டு. நடுவில் கைப்பிடியோடு சேர்ந்த தாழ் ஒன்று. கூரையை ஒட்டி மேலே ஒரு கொக்கி. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் மேல் கொக்கியைக் கேப்டன்தான் எட்டிப் போடுவார். போட்டபின் இரண்டு விரலால் அதைத் தட்டிப் பார்ப்பார். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாக அதைப் பார்த்த பிறகுதான் இறக்கையை விட்டு இறங்குவேன்.

சுந்தரம் சென்னையிலிருந்து வந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். வேலை தெரியாத மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரைப்போல வேலை தெரிந்தவரை நான் விமானப்படையில்கூடப் பார்த்ததில்லை. கிரீஸில் கை வைத்துக்கொண்டிருந்தாலும் அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி விழாது. குரலை உயர்த்தமாட்டார். உத்தரவு போடமாட்டார். எதையும் கேள்வியாகத்தான் கேட்பார். “பழனியப்பன், இதை நம்ம இன்னைக்கே கழட்டிடலாமா?” என்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. பதிலைச் சொன்னதும், அது என்னுடைய யோசனை என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்த வழக்கத்தின் பொருள் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

காற்று புகாமல் இருக்கக் கதவின் ஓரம் முழுக்க ஒட்டும் ரப்பரை மாற்றும் வேலையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பழைய பசையை மூங்கில் சீவலால்தான் சுரண்டவேண்டும். இரும்பு பட்டால் அலுமினியத் தகடு கீறிப்போகும், கீறல் வழியே அரிக்கும். தின்னரால் துடைத்து, தகட்டிலும் ரப்பரிலும் பசை தடவி, விரலை வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்கவேண்டும். கதவின் அடிப்பக்கத்தில் தொடங்கி ஒட்டிக்கொண்டே போகவேண்டும். இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் ஒரே மாதத்தில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். மூலைகளில் ரப்பரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுக்கவேண்டும். இணைப்பு அடிப்பக்கத்தில் வரவேண்டும்.

ஒட்டி முடித்து ஒருநாள் கதவை அடைத்து வைத்தபின் சோதனை. தினசரிக் காலண்டர் தாளை நீளமாகக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து அடைத்து, வெளியே இழுத்துப் பார்ப்போம். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தோடு வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகும். தாள் கிழிந்துபோகிற அளவு பிடித்தால் அதுவும் தப்பு. அங்கே ரப்பர் கனமாக இருக்கிறது, கதவை வெளியே தள்ளுகிறது என்று பொருள். “காத்து உள்ள வந்தா சத்தம்தான் வரும். கதவை வெளிய தள்ளினா ஆள் போயிடும்” என்று சுந்தரம் ஒருமுறை சொன்னார். அதை அவர் வாயால் சொல்லி நான் காதால் கேட்டது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது வருடக் கோடையில் ஆந்திராவில் ஒரு ரிக் நின்ற இடத்துக்குப் போயிருந்தார்கள். தரையில் நிற்கும்போது சூறைக்காற்று அடித்து, திறந்திருந்த கதவைத் தூக்கி வீசிவிட்டது. கேப்டன் அதை அன்றைக்கே விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அந்தப் பயணத்திலிருந்து விமானம் பறக்கும்போது கதவு விசிலடிக்கத் தொடங்கியது. மழைக்குள் போனால் மேல் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி முதலாளியின் வேட்டி நனைந்தது. அவருக்குக் காதுவலி வேறு.

நான் ரப்பரை மாற்றினேன். விசில் நிற்கவில்லை. தாளை வைத்துப் பார்த்தேன். அடியில் இறுக்கமாகப் பிடித்தது, மேலே பின்மூலையில் தடையே இல்லாமல் வழுக்கி வந்தது. சட்டத்தில் தையல்காரரின் சாக்பீஸைத் தடவிக் கதவை அடைத்துத் திறந்தால், அந்த மூலையில் மட்டும் ரப்பரில் வெள்ளை ஒட்டவில்லை. அடிக்கோலை வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. மேல் கீல் வளைந்திருந்தது, கதவும் லேசாக முறுக்கியிருந்தது. மூலை ஒரு தீக்குச்சி கனத்துக்கு வெளியே நின்றது. பறக்கும்போது வெளிக்காற்று கதவின் மேல்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது மேல் கொக்கி ஒன்றுதான். கீலை மாற்றி, கதவை நிமிர்த்தாமல் ரப்பரால் ஆகிற காரியம் இல்லை.

சுந்தரத்திடம் காட்டினேன். கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். நான் சொன்னது சரி என்றார். கீல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், இறக்குமதி அனுமதி வாங்கவே மாதங்கள் ஆகும். வேலை அட்டையில் நான் கண்டதைக் கண்டபடி எழுதினேன். கீல் வளைந்திருக்கிறது, மேல் கொக்கி முழுதாகப் பிடிக்குமென்று சொல்ல முடியாது, மாற்றும்வரை பறக்கக்கூடாது.

மறுநாள் முதலாளி கொட்டகைக்கு வந்தார். கதவைத் தானே இரண்டு முறை அடைத்துத் திறந்து பார்த்தார்.

“ஏனுங்க இஞ்சினியரு, எங்க லாரிக் கதவு இதைவிட நல்லா அடையுமுங்க. நாமக்கல்லுல பாடி கட்டற எடத்துல பீடிங் ரப்பர் கெடைக்குது. நல்ல கனமானதா வாங்கி ஒட்டுனா விசிலாவது ஒண்ணாவது.”

சுந்தரம் மறுத்துப் பேசுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. செய்து பார்க்கலாம் என்றார். அன்று மாலையே டிரைவர் ஒரு சுருள் லாரி ரப்பரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். கறுப்பாக, எங்கள் ரப்பரைப்போல ஒன்றரை மடங்கு கனம்.

சுந்தரம் என் அட்டையை எடுத்துப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புது அட்டை ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“பழனியப்பன், ரப்பர் மாத்தினோம், சோதனை சரியா இருக்குன்னு மட்டும் நம்ம எழுதிடலாமா? கீல் வர்ற வரைக்கும்தானே.”

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். இந்த வேலையை விட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயரவேண்டும். மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். பல வருடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். உண்மை என்னவென்றால், அவர் கேட்டவிதத்தில் மறுக்க வாய் வரவில்லை. எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

ரப்பரை ஒட்டியதும் நான்தான். மறுநாள் சோதித்தபோது எல்லா இடத்திலும் தாள் கிழிந்தது. கதவைத் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் அடைந்தது. உள்ளே உட்கார்ந்து மேல் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன். பிடி முழுதாகத் திரும்பியது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் கொக்கியின் நுனி மட்டும்தான் சட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது தெரியாது. விரலால் தட்டிப் பார்த்தாலும் தெரியாது.

கேப்டனிடம் நான் சொல்லவில்லை. கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் சார் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை முதலாளியை ஏற்றிக்கொண்டு கேப்டன் கிளம்பினார். கதவை வெளியேயிருந்து தோளால் தள்ளி அடைத்தது நான். கேப்டன் முதலாளியைத் தாண்டிக் கையை நீட்டி மேல் கொக்கியைப் போட்டார், இரண்டு விரலால் தட்டினார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இறக்கையிலிருந்து இறங்கினேன்.

தென்னை உயரத்துக்குச் சற்று மேலே போயிருப்பார்கள். டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். கதவின் மேல்பாதி வெளியே பிதுங்கி நின்றது தரையிலிருந்தே தெரிந்தது. அந்த மாதிரி விமானத்தில் கதவு திறந்துகொண்டால் விழவேண்டியதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் சுற்றிவந்து இறங்கிவிடலாம். கேப்டனுக்கு அது தெரியும். ஆனால் முதலாளி பயத்தில் அவர் வலது கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். உதறி விடுவித்துக்கொள்ளச் சில நொடிகள் ஆயின. அந்த உயரத்தில் அவருக்கு இருந்ததே அந்த நொடிகள்தான். விமானம் சாய்ந்து குச்சிக்கிழங்குக் காட்டின் வரப்பில் மோதியது.

முதலாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கையைப் பிடித்துக்கொண்டதை ஆஸ்பத்திரியில் அவரே அழுதபடி எங்களிடம் சொன்னார். பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. கேப்டனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தலையிலும் அடி. கண் விழித்தபோது அன்று காலை நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

விசாரணை அதிகாரிகள் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்று தகவல் வந்தது. விமானத்துக்குக் காவலாக ஒரு போலீஸ்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பேட்டரியைக் கழற்றாவிட்டால் தீப்பிடிக்கும் என்று சுந்தரம் அவரிடம் சொன்னார். அவர் எங்களைக் கிட்டே விட்டார். கதவருகே போனதும் சுந்தரம் என் பக்கம் திரும்பி, “அந்த ரப்பரையும் நம்ம எடுத்துடலாமா?” என்றார்.

எடுத்தேன். ஒட்டி மூன்று நாள்கூட ஆகாத ரப்பர், பசை நன்றாகப் பிடித்திருந்தது. மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்துச் சுருட்டிக் கொடுத்தேன். அவர் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கதவில் ரப்பர் இல்லாதது மோதலில் பிய்ந்து போயிருக்கலாம் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வேலை அட்டை சுத்தமாக இருந்தது. கேப்டன் பேசிக்கொண்டே வந்ததில் கொக்கியைப் போட மறந்திருப்பார் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். என்னிடம் ஒரே கேள்வி. மேல் கொக்கி போடப்பட்டதை நீர் பார்த்தீரா?

“கொக்கிய உள்ளேயிருந்துதானுங்க போடணும். நான் பார்க்கலீங்க” என்றேன்.

விமானி மேல் கொக்கியைப் பூட்டத் தவறியதே காரணம் என்று அறிக்கை வந்தது. சுந்தரம் பம்பாயில் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டார். முதலாளி மறுபடி விமானம் வாங்கவில்லை. எனக்குத் தன் ரிக் பட்டறையிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். நான் ஏற்றுக்கொண்டேன். சேலத்துக்கு அடிக்கடி சாமான் வாங்கப் போவேன். கேப்டன் வீடு இருந்த தெருவுக்கு மட்டும் போகமாட்டேன்.

ஆறு வருடம் கழித்து ஒருநாள் மத்தியானம் கேப்டனின் மனைவி லூர்துமேரி அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூட ஆசிரியை அவர். அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கேப்டனுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, உங்களிடம் நேரில் கேட்கவேண்டும் என்கிறார் என்றார். அவர் படுத்தபடியே வலது கையை மேலே நீட்டி நீட்டிப் பார்ப்பதாகவும், அன்றைக்குக் கொக்கியைப் போட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வாரேனுங்க என்றேன்.

போனேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் பழைய ஆரோக்கியராஜ். என்னைப் பார்த்ததும் சிரித்தார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு கேட்டார்.

“பழனி, நீ வெளியே நின்ன. நான் கொக்கியைத் தட்டினேனா?”

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வேறு ஒரு பதிலைத் தயார்செய்தும் வைத்திருந்தேன்.

“தட்டுனீங்க சார். ரெண்டு விரல்ல தட்டுனீங்க. நான் கண்ணாடி வழியாப் பார்த்தனுங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளைந்த கீல், லாரி ரப்பர், இரண்டு அட்டை, வரப்பில் உட்கார்ந்து சுரண்டியது. நான் முடித்ததும் கேப்டன் ரப்பர் எவ்வளவு கனம் என்று கேட்டார். கொக்கி எவ்வளவு பிடித்திருந்தது என்று கேட்டார். என் நகத்தின் நுனியைக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆறு வருஷமா என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியா மேரி, நான் போட்டிருக்கேன்” என்றார்.

அந்த அம்மா கதவருகே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டீயை என்னிடம் கொடுக்கவில்லை. அலமாரி மேல் வைத்தார்.

“இவ்வளவு நாளும் எங்கே இருந்தீங்க?” என்றார்.

இதே ஜில்லாவில்தான் இருந்தேன். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

கேப்டன் கேட்டபடி அன்றே அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை விசாரணை செய்த அலுவலகத்துக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ரப்பர் இல்லை, முதல் அட்டை இல்லை, விமானம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சம்பந்தப்பட்ட பொறியாளர், தான் தொழில்நுட்பர் எழுதியதை நம்பிக் கையெழுத்திட்டதாகவும் வேறு எதுவும் தெரியாதென்றும் சொல்லியிருந்தார். அறிக்கையைத் திருத்த ஆதாரம் போதாது. சுந்தரம் சொன்னதில் ஒன்று பொய்யில்லை. அட்டையை எழுதியது நான்தான். உண்மையை நான் எழுதியபோது அது சட்டைப் பைக்குள் போயிற்று. பொய்யை எழுதியபோது அது கோப்பில் தங்கிவிட்டது.

அந்த அலுவலகத்திலிருந்து பட்டறைக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏப்பா பழனி, உனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்?” என்று நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அதன்பின் நாமக்கல்லில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் இடத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சங்கத்தில் என்னை விமானத் தொழில்நுட்பர் என்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பிறகு நான் ஒரு விமானத்தையும் தொடவில்லை.

பதில் கடிதம் வந்ததைக் கேப்டன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், நான் கொக்கியைப் போட்டிருக்கிறேன், பழனியே சொல்லிவிட்டான் என்று சொல்லுவாராம். படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து மறுவருடம் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் போனேன். கோவிலில் பூசை முடிந்து, கல்லறைக்குக் கொண்டுபோகப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. தூக்க நின்ற ஆறுபேரில் ஒருவர் வயதானவர், தடுமாறினார். நான் முன்னால் போய் அவர் இடத்தில் குனிந்து பிடியில் கை வைத்தேன். லூர்துமேரி அம்மா பக்கத்தில் வந்தார். அழுகை அடங்கிய குரல்.

“நீங்க தூக்க வேண்டாம்” என்றார். “நீங்க இதைத் தொடாதீங்க.”

கையை எடுத்துக்கொண்டேன். அந்த வயதானவரே மறுபடி குனிந்து பிடித்தார். பெட்டியை நிமிர்த்தித் தோளில் வைத்தார்கள். எல்லோரும் வெளியே போகும்வரை ஒதுங்கி நின்றேன்.